வார்ட்வெல்லின் கடைசி இரண்டு அத்தியாயங்கள்

கழுத்துக்குக் கத்தி வந்தாயிற்று, இனி அசையக் கூடாது. அசையாமல் இருப்பது எனக்கு நன்றாகவே வரும், இருபத்தைந்து வருஷமாக வேறென்ன செய்தேன். "சார்வாள், தாடையக் கொஞ்சம் தூக்குங்க" என்கிறான் கோமதிநாயகம். தூக்குகிறேன். மணி மூன்று. ஐந்து மணிக்குக் கல்லூரிக் கலையரங்கத்தில் எனக்குப் பாராட்டு விழா, அதற்குத்தான் இந்த அலங்காரம், எழுபத்திரண்டு வயசுக் கிழவனுக்கு மாப்பிள்ளைச் சவரம். அழைப்பிதழில் என்ன போட்டிருக்கிறான்கள் தெரியுமா, 'தமிழுக்கு வார்ட்வெல்லைத் தந்த பேராசிரியர் குற்றாலலிங்கம்'. தந்தேனாம். முழுசாகவா தந்தேன்? சரி, அது கிடக்கட்டும். காலையில் முதல் இட்லியைப் பிட்ட நேரத்தில் போன் வந்தது. அமலோற்பவம் டீச்சர், சவரிமுத்துவின் மனைவி. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம்! "அண்ணே, அவுகளும் விழாவுக்கு வரணும்னு சைகை காட்டுதாக. சக்கர நாற்காலிய முன்னால போட எடமிருக்குமா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன்? "தாராளமா வரட்டும்மா" என்றேன், பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். சவரிமுத்துவும் நானும் ஒரே நாளில் ஆங்கிலத் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் பேப்பர் திருத்தியவர்கள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இப்போது அவனுக்குப் பேச்சே இல்லை, நாலு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வலது கையையும் நாக்கையும் கொண்டுபோய்விட்டது. காது மட்டும் பாம்புச் செவி என்கிறார்கள். எதற்காக வருகிறான்? என்னத்தைக் கொண்டுவரப் போகிறான்? அவன் எனக்கு அப்போது எழுதிய கடிதத்தின் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, இடது கையால் தூக்கிக் காட்டினால்? காட்டட்டுமே. காட்டினாலும் நியாயம்தான்.

முகத்தில் நுரை குளிர்கிறது. கோமதி இன்னும் சோப்பைக் குழைத்துப் பிரஷ்ஷால்தான் நுரை போடுகிறான், டியூபைப் பிதுக்குவதில்லை, அதற்காகவே இந்தக் கடைக்கு வருகிறேன். வார்ட்வெல்லுக்குப் பெரிய தாடி. ஜோசயா வார்ட்வெல், நான் முப்பது வருஷம் வாயில் போட்டு மென்ற பெயர். அமெரிக்காவில் காட்டைத் திருத்தி ஊர் ஆக்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்த எல்லைக்காட்டில் பிறந்தவன். அப்பன் நில அளவைக்காரன். காட்டுக்குள் சங்கிலி இழுத்து, இது இன்னாருக்கு, அது இன்னாருக்கு என்று துண்டு போட்டவன். சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தது சின்ன வார்ட்வெல். வழிகாட்டியாகக் கூட வந்தவன் அந்த ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு பழங்குடி ஆள், செவ்விந்தியன் என்றுதான் அப்போது நாங்கள் எழுதுவோம். கடைசியில் அந்த வழிகாட்டியின் கரையையே அப்பன் தன் பெயருக்கு அளந்துகொண்டான். மகன் பதினாலு வயசில் காட்டை விட்டவன் திரும்பிப் போகவே இல்லை. துறைமுக ஊரில், ஜன்னலைத் திறந்தால் கப்பல் பாய்மரம்தான் தெரியும், மரம் ஒன்று கிடையாது, அந்த அறையில் உட்கார்ந்து பதினோரு நாவல் எழுதினான், பதினொன்றும் காட்டைப் பற்றி. அக்கம்பக்கத்தாரோடு சண்டை, பத்திரிகைக்காரர்களோடு வழக்கு, பெற்ற பெண்களோடு பேச்சு வார்த்தை இல்லை. மூக்குக்கு மேல் கோபம். எனக்கு அவனைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்தான், பொய் சொல்வானேன். அவனுடைய கடைசி நாவலைத்தான் நான் 'அக்கரைக் காடு' என்று தமிழில் கொண்டுவந்தேன். எங்கள் கல்லூரி நூலகப் பிரதி. பைண்டர் கச்சிதமாகக் கட்டிக் கொடுத்திருந்தான், பச்சைக் காலிகோத் துணி அட்டை, முதுகில் வெள்ளை எழுத்து. முன் பக்கங்கள் நாலைந்து நைந்துபோயிருந்ததால் கிழித்துப் போட்டுவிட்டுக் கட்டியிருக்கிறான். அந்தக் கிழிந்த பக்கத்தில்தான் 'பள்ளி மாணவர் பதிப்பு' என்று இருந்திருக்கிறது. எனக்கெப்படித் தெரியும்? நாவல் இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில் முடிந்தது. அளவைக்காரன் மகன் ஏமோஸ், வழிகாட்டி டோவாகன், இரண்டு பேரும் ஆற்றங்கரையில் கை குலுக்குகிறார்கள், இந்த ஆறு நம் இருவருக்கும் என்கிறான் டோவாகன். அதுக்குக் கீழே நான் கொட்டை எழுத்தில் 'முற்றும்' என்று எழுதிக் கோடு போட்டேன். மூலத்தில் அந்த வார்த்தை இல்லை, அது நானாகச் சேர்த்தது.

"சார்வாள், இந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க." திரும்பினால் எதிர்க் கண்ணாடியில் என் பின்னந்தலை, அதற்குள் இன்னொரு கண்ணாடியில் என் முகம், கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. அட, புத்தகம் என்ன போடு போட்டது! தென்காசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அந்தக் கை குலுக்கும் இடத்தைப் படித்துவிட்டுத் தன்னோடு ஏழு வருஷம் பேசாத தம்பி வீட்டுக்கு நேரே போய்விட்டேன் என்று எழுதினார். கோமதிநாயகமே மூன்று தடவை படித்தவன். நான் போகிற ஊரெல்லாம் வார்ட்வெல்லின் கருணை, வார்ட்வெல்லின் கருணை என்று பேசினேன். கருணையாம். எட்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு சவரிமுத்துவின் கடிதம். எதிர் மேஜையில் இருக்கிறவன் எதற்குத் தபாலில் அனுப்பினான்? ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் முன்னால் எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்று. அது எனக்கு அப்போது புரிந்ததா? ஏழு பக்கம், அவனுடைய மணி மணியான கையெழுத்து. அவன் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து முழுப் பதிப்பு ஒன்று கொண்டுவந்திருக்கிறார். நாவல் முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில்தான் முடிகிறது. முப்பதில், காணி அலுவலகத்தில் டோவாகனை நிறுத்தி ஏமோஸைக் கேட்கிறார்கள், இந்த ஆள் அந்தக் கரையில் குடியிருந்தது உனக்குத் தெரியுமா என்று. வேதப் புத்தகத்தில் கை வைத்து ஏமோஸ் சொல்கிறான், 'இந்த மனிதனை நான் பார்த்ததே இல்லை.' முடிந்தது, கரை கைமாறிவிட்டது. முப்பத்தொன்றில் ஏமோஸ் கிழவனாகத் திரும்பி வருகிறான், அங்கே யாரும் இல்லை. வார்ட்வெல் தன் அப்பனின் பாவத்தைக் கடைசியில் கக்கிவிட்டுப் போயிருக்கிறான், அந்த நாட்டு வாசகர்கள் புத்தகத்தைத் தூக்கியடித்திருக்கிறார்கள், அவன் செத்த பிறகு பதிப்பாளர் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அந்த இரண்டையும் வெட்டிவிட்டு நல்லபடியாக முடித்து விற்றிருக்கிறார். அவன் பிறந்த ஊரில் இன்றைக்கும் அந்தக் கை குலுக்கலைத்தான் வெண்கலச் சிலையாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சிலைப் படத்தைத்தான் நான் அட்டையில் போட்டேன். கடிதத்தின் கடைசியில் சவரிமுத்து எழுதியிருந்தது மனப்பாடம். 'குத்தாலம், உன் மேல் தப்பு இல்லை, பைண்டர் செய்த வேலை. அந்த இரண்டு அத்தியாயத்தையும் தமிழில் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் உன் பெயரிலேயே சேர்த்துக்கொள். என் பெயர் வேண்டாம்.' இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்வான்? எனக்கு எரிந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே காது சூடானது. எட்டு வருஷம் மேடை மேடையாக முழங்கிவிட்டு, ஐயா நான் படித்தது பள்ளிக்கூடப் புத்தகம் என்று போய்ச் சொல்வதா? அதுவும் சவரிமுத்து கண்டுபிடித்து? தமிழ்ப் பண்டிதர்களோடு பழகிய பழக்கம், பழைய ஏட்டில் ஒரு பாட்டு நமக்குத் தோதுப்படவில்லை என்றால் என்ன சொல்வோம், இடைச்செருகல் என்போம். பத்திரிகையில் எழுதினேன். அந்தக் கடைசி இரண்டு அத்தியாயங்கள் வார்ட்வெல் எழுதியவை அல்ல, அவர் மறைவுக்குப் பின் வேறு கை நுழைத்த இடைச்செருகல், நடையே காட்டிக்கொடுக்கிறது. காழ்ப்புணர்ச்சி கொண்ட சில சக ஆசிரியர்கள் இதைப் பெரிதாக்குகிறார்கள். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அமெரிக்க நாவல் நடத்துகிறவர்கள் எங்கள் துறையில் இரண்டே பேர்.

கத்தி காதுக்குப் பின்னால் போகிறது. சரக், சரக். ஒரு வாரத்தில் பையன்கள் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், 'இடைச்செருகல்'. கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். அவன் டஸ்டரால் துடைத்துவிட்டுப் பாடம் நடத்துவான், துடைக்கும்போது நான் வராந்தாவில் போனதுண்டு. பார்த்ததுண்டு. ஒரு வார்த்தை, 'ஏலே, யார்லே எழுதினது' என்று ஒரு அதட்டல், அது என் தொண்டையிலிருந்து வந்திருந்தால் போதும், எல்லாம் அடங்கியிருக்கும். வரவில்லை. நடந்து போனேன். மேஜையை மாற்றிக்கொண்டேன். அவன் முழு நாவலையும் செய்து முடித்துப் பதிப்பாளர்களுக்கு அனுப்பினானாம், வார்ட்வெல்தான் குற்றாலலிங்கம் பண்ணி வந்துவிட்டதே, இது அந்த இடைச்செருகல் பிரதியாமே என்று எல்லோரும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு அவன் எழுதுவதை விட்டான். அப்போதாவது நான் என் கட்டுரையை நம்பினேன், பாதி நம்பினேன், கால்வாசி. பிறகு அதுவும் போயிற்று. வெளிநாட்டிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தார், வார்ட்வெல்லின் கையெழுத்துப் பிரதியைப் படம் எடுத்து வைத்திருந்தார். முப்பத்தொன்றாம் அத்தியாயம், அவன் கையெழுத்தேதான், ஒரு இடத்தில் பேனா தாளைக் குத்திக் கிழித்திருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. நாளைக்கே சவரியிடம் போய்விடலாம் என்று நினைத்தேன். நாளை, மறுநாள், தீபாவளி கழியட்டும், அவன் ரிட்டயர்மென்ட் கழியட்டும். வெட்கங்கெட்ட பிழைப்பு. சில செவ்வாய்க்கிழமை, சலூன் லீவு நாள், பாதி ஷட்டர் இறக்கிய இந்தக் கடை வாசலில் அவன் சைக்கிளைப் பார்த்திருக்கிறேன். லீவு நாளில் சலூனில் என்ன வேலை, சீட்டாடுகிறான் போல, வாத்தியார் பிழைப்பு இப்படியாகிவிட்டதே என்று நானே நினைத்துக்கொண்டு, அதில் ஒரு அற்பத் திருப்தி வேறு. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பிறகு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு சாந்தி நகரில் அவன் வீடு வரைக்கும் போனேன். இரும்புக் கேட்டில் கை வைத்தேன். உள்ளே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெபம் நடக்கிறபோது எதற்கு என்று திரும்பிவிட்டேன். பழத்தை பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாவிடம் கொடுத்தேன்.

"மீசைக்கும் தலைக்கும் கருப்பு அடிச்சிரட்டுமா சார்வாள்? மேடையில போட்டோ எடுப்பாவள்லா." கிண்ணத்தில் சாயத்தைக் குழைக்க ஆரம்பித்துவிட்டான். இரு என்கிறேன். மார்ச் மாதம் பதிப்பாளர் கேட்டார், புதுப் பதிப்பு கெட்டி அட்டையில் போடுகிறோம் சார், திருத்தம் ஏதாவது உண்டா என்று. நல்ல மனுஷர், இரண்டு தடவை கேட்டார். தங்கமான சந்தர்ப்பம், தட்டில் வைத்து நீட்டினார். திருத்தம் ஒன்றும் இல்லை என்றேன். இன்று வெளியாகப் போகிற புத்தகத்திலும் இருபத்தொன்பதோடு முற்றும். முன்னுரையில் அந்த இடைச்செருகல் பாரா அப்படியே இருக்கிறது, ஒரு புள்ளி மாறவில்லை. நான் செத்தாலும் அது நிற்கும். அதைத்தான் இன்றைக்கு சவரிமுத்து மடியில் கொண்டுபோய் ஒரு பிரதி வைப்பார்கள், முன் வரிசையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கொடுப்பது வழக்கம், அவன் இடது கையால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவான், எனக்குத் தெரியாதா அவனை. கோமதி படிகாரக் கட்டியை நனைத்துத் தாடையில் தேய்க்கிறான், எரிகிறது. "காலம்பற நம்ம சவரிமுத்து சாருக்கும் வீட்டுக்குப் போயிச் சவரம் பண்ணிட்டுத்தான் வாரேன்" என்கிறான் சாவகாசமாக. எனக்குக் கால் கட்டைவிரல் மடங்குகிறது. "வெள்ளச் சட்டை எடுத்து மாட்டிக்கிட்டு எட்டு மணிக்கே ரெடியாயிட்டாக. டீச்சரம்மா கெடந்து சிரிக்காக, விழா அஞ்சு மணிக்குன்னா கேக்கணும்லா. பட்டுச் சால்வ ஒண்ணு வாங்கி மடியில வச்சிருக்காக. ஒங்களுக்குப் போத்தணுமாம். ஒத்தக் கையால எப்பிடிப் போத்த, நான் ஒரு முனையப் பிடிச்சுக்கிடுதேன்னு சொல்லிருக்கேன்."

சால்வை. கடிதம் இல்லை, சால்வை. அடப்பாவி சவரி, நீ என்னைத் திட்டியிருக்கலாமே, கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கலாமே, நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேனே. கழுத்தைச் சுற்றிக் கட்டிய துணியின் முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறேன், விரல் வழுக்குகிறது. "சாயம் வேண்டாம் கோமதி" என்கிறேன். "ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. நீ மூணு வாட்டி படிச்சியே அக்கரைக் காடு, அது அங்க முடியல. இன்னும் ரெண்டு அத்தியாயம் இருக்கு. அதை எழுதினது வார்ட்வெல்தான், வேற யாரும் இல்ல. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்." சொல்லிவிட்டேன், ஐயோ, இவ்வளவுதானா, ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லையே. கோமதி கிண்ணத்தைக் கீழே வைக்கிறான். கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சீப்பைத் துடைக்கிறான். "தெரியும் சார்வாள்" என்கிறான். "எப்பிடிவே தெரியும்?" "சவரிமுத்து சார் வாசிச்சுக் காட்டிருக்காக. செவ்வாக்கெழம கட லீவுல்லா, பாதி ஷட்டரப் போட்டுக்கிட்டு இந்தச் சேர்லதான் உக்காருவாக, வாரம் ஒரு அத்தியாயம். அவுக தமிழ்ல எழுதி வச்ச நோட்டு. ஒத்த ஆளு நான்தான் கேட்டது. முடிக்க ஏழெட்டு மாசம் ஆச்சு." "ஏன் என்கிட்ட சொல்லல?" "சார் சொல்லிட்டாகல்லா. குத்தாலம் சங்கடப்படுவான், அவன்ட்ட மூச்சுக் காட்டிராதன்னு. அதான்." இருபது வருஷமாக மாதம் இரண்டு தடவை என் கழுத்தில் கத்தி வைத்தவன், எல்லாம் தெரிந்தே வைத்திருக்கிறான், ஒரு கீறல் விழுந்ததில்லை.

"கடைசி வரி எப்படி முடிச்சிருக்கான்?" என்று கேட்கிறேன். வெட்கம்தான், இருந்தாலும் மொழிபெயர்ப்புக்காரன் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் எனக்கு அது தலைகீழ்ப் பாடம், தமிழில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கோமதி கையைத் துண்டில் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கிறான். அவன் பேச்சு மாறிவிடுகிறது, அது சவரிமுத்து வகுப்பில் வாசிக்கிற நிதானம். "'கேட்க வேண்டியவன் போன பிறகு சொல்கிறேன். கேட்க ஆளில்லாமல் சொன்னது சொன்னதாகாது. ஆனாலும் இந்த ஆற்றைப் பார்த்துச் சொல்கிறேன். டோவாகன், உன்னை நான் பார்த்திருக்கிறேன்.'" அவ்வளவுதான். நானாக இருந்தால் 'நான் உன்னை அறிவேன்' என்று போட்டுக் கெடுத்திருப்பேன். சவரி, ஏமோஸின் பொய்ச் சத்தியத்தில் இருந்த அதே சொல்லை எடுத்துத் திருப்பி வைத்திருக்கிறான், சாதாரணச் சொல், பார்த்திருக்கிறேன். என்ன கையடா உனக்கு, அந்தக் கையை அல்லவா நான் இருபது வருஷத்துக்கு மேல் கட்டிப் போட்டேன், பிறகுதானே பக்கவாதம் வந்தது. கண் பொங்கிவிட்டது, துடைக்கக் கை துணிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. கோமதி முடிச்சை அவிழ்க்கிறான். "சார்வாள், காது நல்லாக் கேக்கும் அவுகளுக்கு" என்கிறான், "பேச்சுத்தான் இல்ல." தெரியும்டா, தெரியும். வார்ட்வெல்லுக்கு ஆறுதான் மிச்சம் இருந்தது. எனக்கு ஆள் இருக்கிறான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறான்.

விழாக்காரர்கள் அனுப்பிவைத்த ஆட்டோவில் ஏறி சாந்தி நகர் என்கிறேன். "கலையரங்கத்துக்குன்னு சொன்னாங்க" என்கிறான் ஆட்டோக்காரன், அப்புறம் போகலாம் என்கிறேன். மேடையில் மைக்கைப் பிடித்துச் சொல்லத்தான் வேண்டும், புத்தகத்தில் அந்தப் பாராவை எடுக்கத்தான் வேண்டும், அவன் பெயரில் அவன் நோட்டு வரத்தான் வேண்டும், அதெல்லாம் ஐந்து மணிக்கு மேல். முதல் வாக்கியம் என்ன? முப்பத்தைந்து வருஷம் மேடையில் பேசின வாய்க்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. 'சவரி, என்னை மன்னித்துவிடு', சீ, அது நாடக வசனம். 'சவரி, ஒரு விஷயம்', இது ஸ்டாஃப் ரூம். 'சவரி, அது இடைச்செருகல் இல்ல.' நாலு வார்த்தை. போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் கரும்பலகை ஞாபகம் வருமே அவனுக்கு. வந்தால் வரட்டும், எனக்கும் வரட்டும். இரும்புக் கேட்டு, அதே பச்சை பெயின்ட், இந்தத் தடவை ஜெபம் ஒன்றும் நடக்கவில்லை. அமலோற்பவம் கதவைத் திறந்து, "என்னண்ணே, இங்க வந்து நிக்கிய, விழாவுக்கு நேரமாகலையா?" என்று பதறுகிறாள், "ஒரு பக்கம் மீசையில சோப்பு இருக்கே" என்கிறாள். இருக்கட்டும் என்று உள்ளே போகிறேன். கூடத்தில் சக்கர நாற்காலி. இளைத்துவிட்டான். மடியில் மஞ்சள் காகிதம் பிரிக்காத சால்வை. என்னைப் பார்த்ததும் இடது கை அதை எடுக்கத் தடவுகிறது. வேண்டாம் சவரி, முதலில் நான் சொல்லிவிடுகிறேன் என்று அவன் பக்கத்தில் தரையில் உட்காருகிறேன், முட்டி கடகடக்கிறது. தொண்டையைச் செருமுகிறேன். நாலு வார்த்தையும் எங்கேயோ போய்விட்டன. அவன் சால்வையை அப்படியே மடியில் விட்டுவிட்டு, மெதுவாகத் தலையைச் சாய்த்து, காதை என் பக்கம் திருப்புகிறான்.